நாலு மணிக்கு மேல் கடிக்கிற பிள்ளை: வேலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வந்த காரணம்

இரண்டரை வயதுப் பையன். ஓர் அக்டோபர் மாதத்தில் எங்கள் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கு அவனை அழைத்து வந்தபோது அம்மா, அப்பா, அப்பாவின் அம்மா, அப்பாவின் அக்கா என்று நான்கு பெரியவர்கள் கூட வந்திருந்தார்கள். புகார் இரண்டு: பேச்சு சரியாக வரவில்லை, டே கேரில் மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான். டே கேர்க்காரர்கள் "இன்னொரு தடவை நடந்தால் வேறு இடம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை சீட்டு எழுதும் இடத்திலேயே தீர்ப்பைச் சொன்னார். "பெத்தவ வேலைய உட்டுட்டு ஊட்ல இருந்தா எல்லாம் சரியா பூடும்." அம்மா வாயே திறக்கவில்லை. அப்பா மட்டும், "வீட்ல இருந்தப்பவும் பேசலியேக்கா" என்று மெதுவாகச் சொன்னார். அன்று அங்கே பேசப்பட்டதில் உருப்படியான தகவல் அது ஒன்றுதான்.

அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனை வீட்டில் அழைப்பதுபோல் குட்டி என்றே குறிப்பிடுகிறேன். நான் இந்தப் பிரிவில் சமூகப் பணியாளர். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை.

குடும்பம்

வீடு வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு சந்துக்குள். அம்மாவுக்கு 27 வயது, பிளஸ் டூ படித்தவர். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் பிரிவில் வேலை. காலை ஏழு மணிக்கு கிரீன் சர்க்கிளில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் மாலை ஆறே முக்காலுக்குத்தான் அதே இடத்தில் இறங்குவார். அப்பா மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறார். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது. ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, 61 வயது. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பீடி சுற்றுகிறார்.

இது இந்தப் பக்கத்தில் அபூர்வமான குடும்பம் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல், ஷூ. குடியாத்தத்திலும் வேலூரிலும் பீடி. வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது, வேலூர் 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. எந்த மாவட்டத்தில் விழுந்தாலும் வீட்டுப் பெண்களில் ஒருத்தி கம்பெனி பஸ்ஸில், இன்னொருத்தி பீடி சுற்றும் முறத்தின் முன்னால் என்கிற ஏற்பாடு அப்படியே இருக்கிறது. "அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளையும் வீட்டில்தானே வளர்ந்தது" என்று சொல்பவர்கள், அந்த வீட்டில் பகல் முழுக்க வேலை நடந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

குட்டி பிறந்தபோது அம்மாவுக்கு ஈ.எஸ்.ஐ. மூலம் 26 வாரப் பேறுகால விடுப்பு கிடைத்தது. தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்லும் ஆறு மாதத்துக்கும் இந்த 182 நாளுக்கும் கணக்கு பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் எட்டு மாத வயிற்றோடு தையல் மெஷினில் உட்கார முடியாமல் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரத்தை எடுத்துவிட்டார். குழந்தைக்கு நாலு மாதம் தாண்டியதும் வேலைக்குப் போயாக வேண்டியதாயிற்று. தமிழக அரசு ஊழியராக இருந்திருந்தால் 2021 முதல் பன்னிரண்டு மாதம் கிடைத்திருக்கும். ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு ஒரு வருடம், இன்னொன்றுக்கு நாலு மாதம்.

இரண்டு வயது வரை ஆயாவிடம் வளர்ந்தான். ஆயாவுக்கு முழங்கால் வலி முற்றி, ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியாமல் போனதும் அந்த ஜூன் மாதம் டே கேரில் சேர்த்தார்கள். காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை.

பரிசோதனையில் தெரிந்தது

காது நன்றாகக் கேட்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், கண்ணைப் பார்க்கிறான், விரலால் சுட்டிக் காட்டுகிறான், பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறான். ஆட்டிசத்துக்கான முதல்கட்டக் கேள்விகளில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. தனிச் சொற்கள் இருபதுக்குள். "அம்மா வா", "தண்ணி வேணும்" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்ப்பது இன்னும் வரவில்லை. இரண்டு வயதிலேயே எதிர்பார்க்கக்கூடியது அது.

ஹீமோகுளோபின் 9.2. இந்த வயதில் 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான், அதனால் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. குட்டி விஷயத்தில் காரணம் வெளிப்படையாகவே இருந்தது: ஒரு நாளைக்கு நாலு பாட்டில் பசும்பால். டே கேரிலிருந்து டப்பா சோறு அப்படியே திரும்பி வரும். பசியோடு வந்த பிள்ளைக்கு வீட்டில் பால்தான் சுலபம். பால் வயிற்றை நிரப்பிவிடும், இரும்புச்சத்து தராது. இரும்பு குறைந்த குழந்தை சிடுசிடுவென்று இருக்கும், கவனம் நிற்காது. கடிப்பதற்கும் பேசாததற்கும் காரணம் தேடும்போது இதை ஒதுக்கிவிட முடியாது.

வீட்டின் பகல்

நாங்கள் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். குழந்தையின் ஒரு நாளை மணிவாரியாக எழுதுவோம். எந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார், அவர் கை என்ன செய்கிறது, குழந்தையோடு பேசினாரா, பேசியது கட்டளையா பேச்சா. "வா, உட்காரு, தொடாதே, வாயைத் திற" எல்லாம் கட்டளை. "அதோ பாரு, ஆட்டோ மேல காக்கா உட்கார்ந்திருக்கு" என்பது பேச்சு.

டே கேருக்கு முந்தைய இரண்டு வருடத்தை ஆயாவிடம் கேட்டு எழுதினேன். அவர் மறைக்கவும் இல்லை, தன்னைக் குறை சொல்லிக்கொள்ளவும் இல்லை. நான் போயிருந்தபோதும் மடியில் முறம் இருந்தது. ஊறவைத்த இலையை அளவாக வெட்டி அடுக்கி வைத்திருந்தார். ஓர் இலையை எடுத்து, தூளைக் கிள்ளிப் பரப்பி, உருட்டி, நூலைச் சுற்றி அறுத்து, முனையை நகத்தால் மடக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார். என்னோடு பேசும்போது மட்டும் விரல் தயங்கியது. அவரே சொன்னார்: "இன்னாம்மா பண்றது? நாளைக்கு ஐந்நூறு சுத்தணும். கொயந்தகிட்ட பேசிக்கினு இருந்தா வெரலு ஓடாது. போனை குத்துட்டா அது பாட்டுக்கு இருக்கும்."

கூட்டிப் பார்த்தபோது, வீட்டில் இருந்த நாட்களில் காலை ஏழு முதல் மாலை ஏழு வரையான பன்னிரண்டு மணி நேரத்தில் அவனோடு பேச்சு என்று சொல்லத்தக்கது ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. போனும் டிவியும் சேர்ந்து ஐந்து மணி நேரம். இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ஒரு வயதுக்குள் அறவே வேண்டாம் என்றது. குட்டிக்கு எட்டு மாதத்திலேயே போன் வந்துவிட்டது. நல்ல நேரம் ஒன்று இருந்தது: சுற்றிய பீடியைக் கணக்குக் கொடுத்துவிட்டு வரும் வழியில், மாலையில் ஆயா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக் கோடி வரை போவார். அங்கே பழக்கடை, மாடு, கோயில் மணி. அவனுக்கு அப்போது தெரிந்திருந்த சொற்களில் பெரும்பாலும் அந்தத் தெருவில் கிடைத்தவை.

டே கேரின் பகல்

அடுத்து டே கேர். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே பெரிய போர்டு, சுவரெல்லாம் மிக்கி மவுஸ். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனேன். நடத்துகிற பெண்மணி நல்லவர், எதையும் ஒளிக்கவில்லை.

காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை அது ப்ளே ஸ்கூல். இரண்டு டீச்சர், இருபது பிள்ளைகள். பாட்டு, வட்டமாக உட்கார்ந்து பெயர் சொல்வது, களிமண். குட்டி அங்கே நான்கு மாதத்தில் "டீச்சர்", "பால்", "போதும்", "என்து" ஆகியவற்றைக் கற்றிருந்தான். "என்து" முக்கியமான சொல். அதற்கு இன்னொரு பிள்ளை எதிரே வேண்டும். வீட்டில் யாரும் அவன் பொருளைப் பிடுங்குவதில்லை.

பன்னிரண்டரைக்கு டீச்சர்கள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு டே கேர். பொறுப்பு ஒரே ஒரு பெண்ணிடம். சோறு ஊட்டுவது, கழுவிவிடுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தான். தூங்கும்வரை சமாளித்துவிடுகிறார். மூன்றரைக்குப் பள்ளி விட்டு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த சின்னதுகளும் பசியோடு வந்த பெரியதுகளுமாகப் பதினேழு பேர், ஒரு ஹால், மேலே ஷீட் கூரை, ஒரு டிவி. மூன்று வயதுக்குக் கீழே பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் இருபதுக்கு ஒருவர் என்பது 2013-ல் மத்திய அரசு வெளியிட்ட முன்பருவக் கல்விக் கொள்கையில் இருக்கும் கணக்கு. அதுவே தாராளமான கணக்கு என்பது என் அபிப்பிராயம். இங்கே இரண்டு வயதும் ஏழு வயதும் கலந்து பதினேழு.

கடித்த புகார்களை டே கேர்க்காரர்கள் குட்டியின் அம்மாவுடைய வாட்ஸாப்புக்கு உடனுக்குடன் அனுப்பியிருந்தார்கள். போனை வாங்கி, செய்தி வந்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். 4.40. 5.15. 5.50. 4.25. 5.35. நாலு மாதத்தில் வந்த பதினொரு செய்தியில் காலையில் வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் காய்ச்சலோடு அனுப்பிய நாள்.

அந்தத் தாளைக் குடும்பத்தின் முன் வைத்தபோது அத்தை முதன்முதலாக அமைதியானார். பிள்ளை டே கேரில் கடிக்கவில்லை. களைத்த நேரத்தில், தன்னைவிடப் பெரிய பிள்ளைகள் நடுவில், "குடு" என்று சொல்லச் சொல் இல்லாமல் கடித்தான். அதே டே கேரின் காலை நேரம் அவனுக்கு வீட்டைவிட நல்லது. அதே வீட்டின் மாலை நேரம் டே கேரைவிட நல்லது. வீடா டே கேரா என்று கேட்டுக்கொண்டிருந்தவரை இந்த இரண்டும் யார் கண்ணிலும் படவில்லை.

வெளியூர் ஆய்வுகள் பற்றிச் சிறிது

வீடு நல்லதா டே கேர் நல்லதா என்று அப்பா நெட்டில் படித்துவிட்டு வந்து கேட்டார், அத்தைக்கும் யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். இதில் இரண்டு தரப்புக்கும் ஆய்வு கிடைக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997-ல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகம் கொடுத்தார்கள். அம்மாக்கள் நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள். பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடியதாகப் பின்னால் பொருளாதார ஆய்வாளர்கள் காட்டினார்கள். வட கரோலினாவில் 1972-ல் தொடங்கிய அபிசிடேரியன் திட்டம் நேர் எதிர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், கைக்குழந்தைப் பருவத்திலிருந்து முழுநாள் காப்பகம். படிப்பில் பெரியவர்களான பின்னும் அவர்கள் முன்னால் இருந்தார்கள். அங்கே கைக்குழந்தைகள் மூன்று பேருக்கு ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் 1991-ல் தொடங்கி 1,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு சொன்னது: கவனிப்பின் தரம் உயர்ந்தால் மொழி சற்று மேலே, காப்பகத்தில் இருக்கும் மணி கூடினால் நடத்தைச் சிக்கல் சற்று மேலே, இரண்டையும்விடக் குடும்பத்தின் நிலைக்கே எடை அதிகம்.

வேலூருக்குப் பக்கத்தில் வருவது மால்-எட் ஆய்வு. எட்டு நாடுகளில் பிறந்தது முதல் குழந்தைகளைக் கவனித்த அதில் இந்தியக் களம் வேலூர்தான். நோய், உணவு, குடலில் சேரும் கிருமி, வீட்டுச் சூழல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கின்றன என்று அது காட்டியது. குட்டியின் 9.2-ஐயும் பாட்டில் பாலையும் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இராது. வெளிநாட்டு ஆய்வுகளில் வீடு என்றால் பெரும்பாலும் அம்மாவும் குழந்தையும் இருக்கும் வீடு. முறம் இருக்கும் வீட்டுக்கு அந்த முடிவுகளை அப்படியே கொண்டுவந்து மாட்ட முடியாது.

செய்தது

அம்மா வேலையை விடும் யோசனையை முதலில் எடுத்துப் பார்த்தோம், அத்தைக்காக அல்ல, கணக்குக்காக. வீட்டு வாடகையும் பழைய பிரசவக் கடனும் அம்மாவின் சம்பளத்தில் ஓடுகின்றன. விட்டால் ஆறு மாதத்தில் கடன் வட்டிக்குப் போகும். "நான் ஊட்ல இருந்தா அவனைப் பார்த்துக்குவேன் மேடம், ஆனா சும்மா இருக்க மாட்டேன், மாமியார்கூட சேர்ந்து பீடி சுத்துவேன்" என்றார் அவர். வீட்டில் ஒரு முறத்துக்குப் பதில் இரண்டு முறம் இருந்திருக்கும்.

தெருவுக்கு அடுத்த தெருவில் அங்கன்வாடி இருந்தது. அதை யாரும் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. "பால்வாடிக்கா?" என்று அப்பா கேட்ட தொனியில் எல்லாம் இருந்தது: யூனிஃபார்ம் இல்லை, ஏ ஃபார் ஆப்பிள் இல்லை, மாதம் 4,500 ரூபாய் கட்டுகிற பெருமையும் இல்லை. போய்ப் பார்த்தோம். வருகிற பிள்ளைகள் பதினான்கு, பெரியவர்கள் இரண்டு பேர். பணியாளர் எட்டு வருடமாக மாறாமல் அங்கேயே இருக்கிறார். தெருவில் எல்லாப் பிள்ளையின் பெயரும் அவர்களின் ஆயா பெயரும் தெரியும். சூடான சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை. இந்தியாவில் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம், தமிழகத்தில் 1982 சத்துணவோடு சேர்ந்து வேர் பிடித்தது. குறையும் உண்டு. வாக்காளர் பட்டியல் வேலை, கூட்டம், கணக்கெடுப்பு என்று பணியாளரை அடிக்கடி வெளியே இழுக்கிறார்கள். அந்த நாட்களில் உதவியாளர் தனி. அதையும் அப்பாவிடம் சொன்னோம்.

ஏற்பாடு இப்படி அமைந்தது. காலை ஒன்பது முதல் மூன்றரை வரை அங்கன்வாடி. அங்கிருந்து ஆயா அழைத்து வருவார். பீடி வேலையைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, முறத்தை உள் அறையிலிருந்து வெளித் திண்ணைக்குக் கொண்டுவந்து, நாலு மணிக்குக் கையை நன்றாகக் கழுவிவிட்டு எழுந்துவிடுவது. ஐந்நூறு முந்நூற்றைம்பதாகக் குறையும். இதற்கு ஆயா சுலபத்தில் சம்மதிக்கவில்லை. கணக்குக் குறைந்தால் இலை குறைத்துக் கொடுப்பார்கள், பி.எஃப்.க்குக் கணக்காகும் வேலை நாளும் போய்விடுமோ என்று பயம். முடிவில் அப்பா ஒரு வழி சொன்னார்: டே கேருக்குக் கட்டிய 4,500-லிருந்து மாதம் 1,500 ஆயாவின் கையில் கொடுப்பது. மகன் தன் தாய்க்குப் பிள்ளை பார்க்கக் கூலி கொடுப்பதா என்று அத்தை குதித்தார். ஆயா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. பகலில் அவர் எழுந்துபோகும் ஒவ்வொரு தடவையும் பீடிக் கணக்கில் குறைவதை அதுவரை அந்த வீட்டில் யாருமே கணக்குப் பார்த்ததில்லை.

மற்றவை வழக்கமானவை. டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் இரும்புச்சத்து சிரப். பால் இரண்டு டம்ளருக்கு மேல் இல்லை, பாட்டில் இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கொஞ்சம் எலுமிச்சை. சாப்பிடும்போது போன் இல்லை. அப்பா இரவு வருவதற்குள் அவன் தூங்கிவிடுவதால், காலையில் குளிப்பாட்டும் வேலை அப்பாவுக்கு. குளிப்பாட்டும்போது அந்தந்த உறுப்பை, சோப்பை, தண்ணீரைச் சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும். அவர் வெட்கப்பட்டார், பிறகு மருந்துப் பெயரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனித் தொட்டில்

இதையும் எழுதிவிட வேண்டும். ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-லேயே சட்டம் எழுதப்பட்டது, 1976-ல் அந்த ஐம்பது முப்பதாகக் குறைந்தது. பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. அம்மா வேலை செய்யும் இடத்தில் அந்த அறை இருக்கிறது. தொட்டில், பார்த்துக்கொள்ள ஒரு பெண், பொம்மை எல்லாம் உண்டு. பிள்ளைகள்தான் இல்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டு, இடுப்பில் தூங்குகிற பிள்ளையோடு, வேலூரிலிருந்து ராணிப்பேட்டை வரை யார் போவார்கள்? பஸ்ஸில் தாய்மாருக்கு நாலு சீட்டு ஒதுக்கியிருந்தால் குட்டியின் முதல் இரண்டு வருடம் வேறு மாதிரி போயிருக்கலாம். இதை மனிதவளப் பிரிவில் கேட்கலாமே என்றேன். "கேட்டா அடுத்த மாசம் என்னை வேற லைன்ல போட்டுடுவாங்க மேடம்" என்றார் அம்மா. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

பிறகு

ஒன்பது மாதம் கழித்து, அதாவது அடுத்த ஜூலையில், ஹீமோகுளோபின் 10.9. இன்னும் 11-ஐத் தொடவில்லை. மூன்று சொல் வாக்கியம் வந்துவிட்டது. "ஆயா கடைக்கு போலாம்", "இது என்து இல்ல". ர, ழ சரியாக விழுவதில்லை; இந்த வயதில் அது கவலை இல்லை, இந்த ஊரில் ழ பெரியவர்களுக்கே விழுவதில்லை. கடிப்பது நின்றது. இரண்டு முறை மட்டும் அங்கன்வாடியில் நடந்தது, இரண்டும் பணியாளர் வெளிவேலைக்குப் போயிருந்த நாள்.

எதனால் இந்த மாற்றம் என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சிரப், முட்டை, போன் குறைந்தது, மாலையில் ஆயாவின் கை சும்மா இருந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. வயதும் ஒன்பது மாதம் கூடியது. அம்மா ஓவர்டைமை மறுத்ததில் மாதச் சம்பளம் குறைந்திருக்கிறது. அந்த இழப்பு இந்தக் கணக்கில் எழுதப்பட வேண்டும். ஆயாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது வீட்டில் புதுச் சண்டை எல்.கே.ஜி. பற்றி. மூன்று வயது முடிந்துவிட்டது, இந்த வருடமே இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் அப்பா. பார்த்து வைத்திருக்கும் பள்ளியில் வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், விடுவது மூன்று மணி, வேன் வீடு வந்து சேர நாலு. இன்னொரு வருடம் அங்கன்வாடியிலேயே இருக்கட்டும், அடுத்த வருடம் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம் என்பது அம்மாவின் யோசனை. என்னைக் கேட்டபோது, பள்ளிக்குப் போய் மணிவாரி அட்டவணையை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம் என்று அப்பாவிடம் தாளைக் கொடுத்து அனுப்பினேன். அத்தையும் கூடப் போகிறேன் என்றிருக்கிறார்.